கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

நம் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் மாதத்தில் ஒரு நாள் வராத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். காய்ச்சலும் இல்லை, கல்யாணமும் இல்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம். அவர் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று பிள்ளை போகிறது. மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் சீனி எவ்வளவு, காலில் புண் இருக்கிறதா என்று டொக்டர் பார்க்க அம்மா அங்கே இல்லையே!

டிக்கோயாவில் 2017இல் 150 கட்டில்களோடு புதிய ஆஸ்பத்திரிக் கட்டடம் திறந்தார்கள். நல்ல காரியம். கட்டில் வந்தது, போவதற்கு நமக்கு நாள் வரவில்லை.

2013 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 140 ரூபாய். 75 வீத நாள் வேலைக்கு வந்தவருக்குத்தான் அந்த 140. நோயாளிகளுக்கே அது முதலில் கைநழுவியது. 2019 ஒப்பந்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2026ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் தரும் என்றார்கள். மொத்தம் 1,750. வரவேற்கிறோம். ஆனால் கிளினிக் போகிறவர் ஒரு நாளில் இழப்பதும் அதே 1,750தான். பஸ் காசு வேறு.

மலையிலும் நிம்மதி இல்லை. பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். கொழுந்து மலையில் கக்கூஸ் எங்கே? அதனால் மாத்திரையையே விட்டுவிடுகிற பெண்கள் நம்மிடையே உண்டு. சீனிக்கு மருந்து எடுத்தவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். அது சோம்பல் அல்ல. கங்காணிமாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளினிக் நாளுக்குச் சம்பளம் கேட்பது பேராசையா? பிரசவத்துக்கு 84 நாள் சம்பளத்தோடு லீவு சட்டத்திலேயே இருக்கிறது. மலை ஏறாத நாளுக்கும் சம்பளம் உண்டு என்பது நமக்குப் புதிதல்ல. அதனால் நாம் கேட்பது இதுதான்: கொப்பியில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தால் மாதத்தில் ஒரு கிளினிக் நாளுக்கு முழுப்பேரும், அந்த 200 ரூபாயும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்கக் குற்றம் இல்லாத ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த, அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். “உங்களுக்கு ஏலாதுதானே, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்று யாராவது கடதாசி நீட்டினால் போடாதீர்கள். முதலில் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ காட்டுங்கள்.

வருத்தத்தை மறைக்கவும் வேண்டாம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளினிக் கொப்பியோடு வாருங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று நாமே கணக்கெடுத்துத் துரையின் மேசையில் வைப்போம். அம்மா கிளினிக்குப் போகட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் வரட்டும்.