சைட் ஓப்பன் ஆகுது, ஆனா லாரி நகரல: சர்வர் அப்கிரேடு மறந்துபோகும் ஒரு கயிறு

தூத்துக்குடியில் துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகம். சுவரில் பெரிய டிவி, அதில் மேப், மேப்பில் லாரிகள். சனிக்கிழமை இரவு வெப் சர்வரை அப்கிரேடு செய்தார்கள். திங்கள் காலை 7 மணிக்குப் பக்கத்தைத் திறந்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. 10 மணிக்கும் லாரிகள் துறைமுக வாசலிலேயே நின்றன. "கேட்ல செம ஜாம் போல" என்று முடிவுகட்டி, மதுரையில் காத்திருந்த பார்ட்டிக்கும் அப்படியே சொல்லிவிட்டார்கள். சந்தேகத்தில் டிரைவருக்குப் போன் போட்டால், "எட்டயபுரம் தாண்டியாச்சு அண்ணாச்சி!"

அந்தத் திரையைச் சரிசெய்யப் போனவன் என்பதால் சொல்கிறேன். அங்கே பிரச்சினை நெட்வொர்க்கும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அறுந்திருந்தது வெப்சாக்கெட்.

அது என்ன கயிறு?

சாதாரண வெப் பக்கம் கடிதம் போல. நீங்கள் கேட்டால் சர்வர் பதில் தரும், அத்தோடு பேச்சு முடிந்தது. லாரி நகர்வு, பங்கு விலை, சாட் போன்றவற்றுக்கு இது போதாது. சர்வர் தானாகவே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற எண்ணில் தரப்படுத்தப்பட்டதுதான் வெப்சாக்கெட்.

நம்ம ஊர் முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் கதை எல்லோருக்கும் தெரியும். மூழ்குகிறவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அதனால்தான் கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். வெப்சாக்கெட்டும் அப்படி இரு பக்கமும் பிடித்திருக்கும் கயிறுதான்.

அப்கிரேடில் தொலைந்த 'அப்கிரேடு'

இந்த இணைப்பு சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகத்தான் தொடங்கும். பிரௌசர் 'அப்கிரேடு: வெப்சாக்கெட்' என்ற ஹெடரை அனுப்பும். சர்வர் சம்மதித்தால் 101 என்று பதில் தரும். அதன்பின் லைன் திறந்தே இருக்கும்.

ஆனால் நடுவில் என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி இருந்தால், 'அப்கிரேடு', 'கனெக்‌ஷன்' ஹெடர்களை அது தானாகப் பின்னால் இருக்கும் செயலிக்குக் கடத்தாது. அவை அடுத்த கை வரைக்கும் மட்டுமே செல்லுபடியாகும் ஹெடர்கள் என்பது எச்டிடிபி விதி. கடத்தச் சொல்லி நாம்தான் கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டும். அப்கிரேடு நடக்கும்போது "உங்கள் பழைய ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?" என்று உபுண்டு கேட்கும். அந்த அலுவலகத்தில் யாரோ 'புதியது' என்று அழுத்திவிட்டார்கள். யாரோ என்றோ எழுதிய வரிகள் போயின.

எண்ணைப் பாருங்கள்

பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, வெப்சாக்கெட் கோரிக்கையின் ஸ்டேட்டஸைப் பாருங்கள்.

• 400 அல்லது 426: பெரும்பாலும் ஹெடர் வழியில் தொலைந்திருக்கும்.
• 403: எந்த முகவரியிலிருந்து வருகிறது என்ற ஒரிஜின் சோதனையில் மாட்டியிருக்கலாம்.
• 502: பின்னால் இருக்கும் செயலி ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தப்பு.
• 101 வந்து, சுமார் 60 விநாடியில் அறுந்தால்: என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட். இயல்பு அளவே 60 விநாடிதான். அந்த நேரம் செயலியிலிருந்து எதுவும் வராவிட்டால் வெட்டிவிடும். அதற்குள் ஒரு 'பிங்' அனுப்புவதே மருந்து.
• கோரிக்கையே போகவில்லை என்றால்: தளம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியிருக்கும், கோடில் பழைய 'டபிள்யூஎஸ்' முகவரியே இருக்கும். அதை 'டபிள்யூஎஸ்எஸ்' ஆக்க வேண்டும்.

ப்ராக்ஸியைத் தாண்டி, சர்வருக்குள்ளிருந்தே செயலியோடு நேராக இணைத்துப் பாருங்கள். அங்கே 101 வந்தால் கோளாறு ப்ராக்ஸியில்தான். கோடை நோண்ட வேண்டாம்.

என் வாதம்

இதைச் சரிசெய்ய எனக்கு ஆனது சில நிமிடம். என்னை உறுத்தியது வேறு. மூன்று மணி நேரம் அந்தத் திரை பொய் சொன்னது, யாருக்கும் தெரியவில்லை. "சைட் ஓப்பன் ஆகுதே, அப்புறம் என்ன?" என்று டெஸ்டிங்கை முடித்ததன் விலை அது. பக்கம் திறக்காவிட்டால் உடனே போன் அடிப்போம். உறைந்துபோன திரையை நம்பி முடிவெடுப்போம். உடைந்த திரையைவிட உறைந்த திரைதான் ஆபத்து.

அதனால் மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். ஒன்று, அப்கிரேடுக்கு முன் கான்ஃபிக் ஃபைலுக்கு நகல் எடுத்து, பின் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டு, 101 வந்து ஐந்து நிமிடம் தாங்கினால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. மூன்று, ஒவ்வொரு நேரலைத் திரையிலும் கடைசியாகத் தகவல் வந்த நேரம் தெரிய வேண்டும். இணைப்பு அறுந்தால் சிவப்பாக வேண்டும்.

மூன்றாவதைக் கேட்க டெக்னிக்கல் அறிவே வேண்டாம். சாப்ட்வேருக்குக் காசு கொடுக்கிற யாரும் கேட்கலாம். கயிறு கையில் இருக்கிறதா என்பது மட்டும் போதாது, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும்.