எமரி கோல்பின் காகிதங்கள்: மூலமும் உரையும்

ஒரு கலைஞன் மறைந்தபின் அவனுடைய படைப்புகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நம்மில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அவனுடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வரவு செலவுச் சீட்டுகளையும் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டால்தான் தயக்கம் தொடங்குகிறது. படைப்பு போதாதா, குப்பையைக் கிளறுவானேன் என்பார்கள் ஒரு சாரார். அந்தரங்கத்தில் கை வைக்காதீர்கள் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு தரப்பிலும் நியாயத்தின் ஒரு துளி இருக்கிறது. ஆயினும் தனிப்பட்ட காகிதங்கள் முழுமையாக, பொறுக்கி எடுக்கப்படாமல் காக்கப்பட வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்குச் சான்றாக அமெரிக்காவின் கொலராடோ நதியோடு வாழ்ந்து முடிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவர் பெயர் எமரி கோல்ப். 1881 இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அவருடைய அண்ணன் எல்ஸ்வொர்த் 1901 இல் அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பெருங்கணவாய்க்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு தம்பியும் வந்தார். கோவேறு கழுதைகளின் மேலேறிப் பள்ளத்தில் இறங்கும் பயணிகளைப் படம் எடுத்து விற்பது சகோதரர்களின் பிழைப்பு. பிரைட் ஏஞ்சல் பாதையின் தலைப்பில், பாறை விளிம்பிலேயே, 1904 இல் ஒரு நிழற்படக் கூடம் கட்டினார்கள். விளிம்பிலோ படம் கழுவத் தண்ணீர் இல்லை. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் கீழே, ஊற்று உள்ள ஒரு சோலையில் இருட்டறை அமைத்தார்கள். காலையில் பயணிகளைப் படம் எடுத்துவிட்டுக் கீழே ஓடி, கண்ணாடித் தகடுகளைக் கழுவி அச்சிட்டு, கழுதைகள் திரும்புவதற்குள் மேலே ஏறி வந்து படங்களை விற்பார்கள். பல ஆண்டுகள் எமரியின் அன்றாடம் இதுதான்.

1911 செப்டம்பர் 8 ஆம் நாள் சகோதரர்கள் இருவரும் வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் என்னும் ஊரிலிருந்து 'எடித்', 'டிஃபையன்ஸ்' என்ற இரு படகுகளில் புறப்பட்டார்கள். எடித் என்பது எமரியின் சிறு மகளின் பெயர். உடன் ஒரு திரைப்படக் கருவியும் இருந்தது. கிரீன் நதி வழியே கொலராடோவில் கலந்து, கிராண்ட் கேன்யனைக் கடந்து, 1912 ஜனவரி 18 இல் கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் நகரை அடைந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஓர் ஆற்றுவீழ்ச்சியில் எடித் பாறையில் மோதிப் பிளந்தது. கரையில் வைத்தே அதைச் செப்பனிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். ஜான் வெஸ்லி பவல் 1869 இல் இந்த நதியை முதன்முதலில் ஓடிக் கடந்தவர். அதன்பின் நிழற்படக் கருவியோடு சென்றவர்கள் சிலர் உண்டு. ஆனால் அந்தப் பயணத்தை அசையும் படமாக்கிக் கொண்டுவந்தவர்கள் கோல்ப் சகோதரர்களே.

1914 இல் எல்ஸ்வொர்த் இதைப் புத்தகமாக எழுதினார். 1915 முதல் எமரி தம் நிழற்படக் கூடத்திலேயே அந்தப் படத்தை நாள்தோறும் திரையிட்டார். 1976 டிசம்பரில் 95 வயதில் அவர் காலமாகும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல், அது ஓடியது. அவர் விட்டுச்சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் நிழற்படங்களும் படச்சுருள்களும் இன்று ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிளைன் நூலகத்தில் உள்ளன.

இனி நம் வாதத்துக்கு வருவோம்.

தமிழ் படித்தவர்களுக்கு மூலம், உரை, பாட பேதம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. ஒரே பயணத்துக்கு இங்கே எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அண்ணனின் புத்தகம் ஒன்று. தம்பி அறுபது ஆண்டுகள் அறிமுகம் செய்து காட்டிய படம் மற்றொன்று. இடையில் 1924 இல் அண்ணன் தொழிலிலிருந்து விலகி லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். 1960 இல் இறந்தார். பாறை விளிம்பில் எஞ்சி நின்ற குரல் தம்பியுடையது மட்டுமே. ஒரே கதையை நாள்தோறும் சொல்பவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும், கேட்பவர் முகம் பார்த்துக் கதை தானே வழவழப்பாகிவிடும். இது எமரியின் குற்றம் அன்று. சொல்லுதல் என்ற செயலின் இயல்பு. நூற்றுக்கணக்கான முறை நடத்திய பாடத்தை மறுபடியும் நடத்தும் ஆசிரியர்களாகிய நாமும் இதை அறிவோம்.

அப்படியானால் மூலம் எங்கே இருக்கிறது? பயணத்தின்போது ஈரக்கையோடு எழுதிய நாட்குறிப்பும், அந்தந்த வாரம் வீட்டுக்குப் போட்ட கடிதமும்தான் மூலத்துக்கு மிக அருகில் இருப்பவை. அவற்றை எழுதியபோது பயணம் வெற்றியாக முடியுமா என்பது எழுதியவனுக்கே தெரியாது. புத்தகமும் படமும் முடிவு தெரிந்தபின் உருவானவை. இந்த வேறுபாடு மிகப் பெரியது. இவர்களோடு புறப்பட்ட உதவியாளர் ஒருவர் நடுவழியிலேயே திரும்பிப் போய்விட்டார். சாகசக் கதையில் அவர் ஒரு துணைப் பாத்திரம், சில வரிகளில் மறைந்துவிடுவார். ஆனால் அந்த நதியைப் பார்த்து 'போதும்' என்று முடிவெடுத்த ஒரு மனிதனும் அந்த நதியைப் பற்றிய உண்மையின் ஒரு பகுதிதானே? அத்தகையவர்களுக்குக் காகிதக் கட்டுகளில்தான் இடம் உண்டு.

இரண்டாவது, படம் எடுத்தவன் எண்ணிப் பார்த்திராத பயன். கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறமானது என்று பொருள். வண்டல் சுமந்து சிவந்து ஓடிய நதி அது. 1935 இல் ஹூவர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1963 இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. அதன்பின் வண்டல் மேலேயே தங்கிவிட, கணவாய்க்குள் தெளிந்த குளிர்ந்த நீர் ஓடத் தொடங்கியது. கரையோர மணல்திட்டுகள் கரைந்தன. 1996 இல் அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டு மணலைத் திரும்பப் படியவைக்கவும் முயன்று பார்த்தார்கள். அணைக்கு முந்தைய நதி எப்படி இருந்தது என்று இன்று கேட்டால், பழைய படங்களிடம்தான் போக வேண்டும். 1889-90 இல் இருப்புப்பாதை அமைக்கும் நோக்கில் ராபர்ட் ஸ்டான்டன் நடத்திய அளவைப் பயணத்தின் படங்களை, நூறாண்டு கழித்து அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்து ஒப்பிட்டார் ராபர்ட் வெப் என்ற அறிவியலாளர். இருப்புப்பாதை வரவில்லை, படங்கள் வேறொரு கேள்விக்கு விடையாயின. கோல்ப் சகோதரர்களின் படங்களும் இத்தகையவையே. சாகசத்துக்காக எடுத்த படத்தின் மூலையில் தற்செயலாக விழுந்த மணல்மேடு, இன்று சாகசத்தைவிட முக்கியமாகிவிட்டது. எந்தத் தாள் பயன்படும், எது பயன்படாது என்று முன்கூட்டி முடிவுசெய்ய நாம் யார்?

இதில் ஒரு முரணும் உண்டு. 1923 இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை, அணை கட்டத் தகுந்த இடங்களைத் தேடி இதே கணவாயை அளந்தபோது, தலைமைப் படகோட்டியாகச் சென்றவர் எமரிதான். கட்டற்ற நதியைப் படத்தில் பிடித்து வைத்த கைகளே, அதைக் கட்ட வந்தவர்களுக்கும் துடுப்புப் போட்டன. வீர வணக்கம் செய்பவர்களுக்கு இது சங்கடம் தரும். நமக்கோ இதனால்தான் அவர் மனிதராகத் தெரிகிறார்.

மூன்றாவது, காகிதம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் எமரியின் வாழ்விலேயே சான்று இருக்கிறது. 1928 இல் கிளென் ஹைட், பெஸ்ஸி ஹைட் என்ற இளந்தம்பதியர் தேனிலவாக இதே நதியில் படகில் சென்று காணாமற்போயினர். தேடச் சென்றவர்களில் கோல்ப் சகோதரர்களும் உண்டு. படகு கிடைத்தது, தம்பதியர் கிடைக்கவில்லை. எமரி இறந்தபின் அவருடைய கொட்டகையில் ஓர் ஆண் எலும்புக்கூடு கிடைத்தது. மண்டையோட்டில் துப்பாக்கிக் குண்டு. உடனே ஊர் கதை கட்டத் தொடங்கியது. அது கிளென் ஹைட் என்றும், எமரிக்கு அதில் பங்கு உண்டென்றும் பேச்சு பரவியது. தடயவியல் ஆய்வு அது கிளென் அல்ல என்று காட்டிய பிறகும் வதந்தி எளிதில் ஓயவில்லை. அந்த எலும்புகள் எங்கே, எப்போது கிடைத்தன என்று நாலு வரி எழுதிய ஒரு சீட்டு அவற்றோடு கட்டப்பட்டிருந்தால், இறந்த மனிதர் ஒருவர் மேல் இத்தனை பெரிய பழி விழுந்திருக்குமா? அந்தரங்கம் கருதிக் காகிதங்களை எரிக்கச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காகிதம் பழியைக் கொண்டுவரும் என்று அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் காகிதம் இல்லாத இடத்தில்தான் பழி முளைக்கிறது.

நான்காவதாக ஒன்று உண்டு. அதை நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். எமரி நாள்தோறும் ஓடி இறங்கிய அந்தச் சோலைக்கு 'இந்தியன் கார்டன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே பயிர் செய்து வாழ்ந்தவர்கள் ஹவாசுபாய் பழங்குடியினர். 1919 இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவாயிற்று. 1928 இல் அந்தச் சோலையிலிருந்து கடைசி ஹவாசுபாய்க் குடியிருப்பாளரும் வெளியேற்றப்பட்டார். 2022 நவம்பரில்தான், அம்மக்களின் கோரிக்கைப்படி, இடத்தின் பெயர் 'ஹவாசுபாய் கார்டன்ஸ்' என மாற்றப்பட்டது. ஆக, கோல்ப் காகிதங்களில் அந்த இடம் வரும்போதெல்லாம் பழைய பெயரே வரும். இதை என்ன செய்வது? அழித்துத் திருத்தலாமா? கூடாது. அன்று அப்படித்தான் அழைத்தார்கள் என்பதே ஒரு சான்று. அதே வேளையில், நூலகத்தின் பட்டியலில் புதிய பெயரும், அங்கே வாழ்ந்தவர்கள் யார், எப்படி வெளியேறினார்கள் என்ற குறிப்பும் இருந்தாக வேண்டும். மூலத்தில் கை வைக்காதே, உரையைப் புதிதாக எழுது என்பதே நம் மரபு நமக்குக் கற்றுத்தந்த முறை. ஒருவருடைய பெட்டிகள் எவ்வளவு நிறைந்திருந்தாலும், அவருடைய இருட்டறைக்குத் தண்ணீர் தந்த மண்ணின் மக்கள் அவற்றில் தம் குரலில் பேசப்போவதில்லை. ஆவணக் காப்பகம் முழு உண்மை அன்று; எதை வைத்து மேலும் கேட்கலாம் என்று காட்டும் இடம்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பது கடைசி ஆட்சேபம். ஆகும். படச்சுருள் மக்கும், காகிதம் பொடியும், வகைப்படுத்த ஆள் வேண்டும். அந்தச் செலவை ஒரு குடும்பம் தாங்க முடியாது என்பதால்தான் பல்கலைக்கழக நூலகம் போன்ற பொது நிறுவனம் தேவைப்படுகிறது. சந்ததியாருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தரம் பிரிக்காதீர்கள். நல்ல படங்களை எடுத்து மாட்டிக்கொண்டு மற்றதை எடைக்குப் போடாதீர்கள். அந்தரங்கம் என்று தோன்றுவதைச் சில ஆண்டுகள் பூட்டி வைக்கச் சொல்லி ஒப்படையுங்கள். பூட்டியதைத் திறக்க முடியும். எரித்ததை எழுப்ப முடியாது.

எமரி கோல்ப் அறுபது ஆண்டுகள் காட்டிய படம் அவர் நமக்குச் சொல்ல விரும்பியது. அவருடைய காகிதங்கள், அவர் சொல்ல நினைக்காததையும் சேர்த்துச் சொல்பவை. முன்னதை ரசிக்கலாம். பின்னதைத்தான் நாம் ஆய வேண்டும். எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களுமான நண்பர்கள், தம் வீட்டுப் பரண்களில் இருப்பதைப் பற்றியும் சற்றே யோசித்தால் நல்லது.