வெயில் ஏறினால் எரிவாயு விலையும் ஏறும்



கித்தா விலை ஏறிவிட்டது என்பதற்காக மரத்திடம் போய், "இன்றைக்கு இரண்டு மடங்கு பால் கொடு" என்று கேட்க முடியுமா? நட்ட கன்று பால் தரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் இயற்கை எரிவாயு எடுப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே சங்கடம்தான். புதுக் கிணறு தோண்டிக் குழாயில் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். வெயிலோ ஒரே வாரத்தில் கொளுத்திவிடும்!

அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வீடுதோறும் குளிர்சாதனம் ஓடும். மின்நிலையங்கள் வாயுவை அள்ளி விழுங்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே வாயு மிகுதியாகச் செலவாவது குளிர்காலத்தில்தான். வீடுகளைச் சூடாக்க அது வேண்டும். ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, வற்றிய வாயுக் கிணறுகளிலும் உப்புக் குகைகளிலும் அதைச் செலுத்திச் சேமிப்பார்கள். மழைக்காலத்திற்கு நாம் விறகு சேர்ப்பது போலத்தான். சேமிக்க வேண்டிய பங்கையும் கோடை தின்றுவிட்டால், "குளிருக்கு என்ன செய்வது?" என்ற அச்சமே இன்றைய விலையை ஏற்றிவிடும்.

2022 ஆகஸ்டில் பத்து லட்சம் பி.டி.யு. வாயுவின் சராசரி விலை ஏறத்தாழ 8 டாலர் 80 காசு. கடும் வெப்பத்தோடு சேமிப்புக் குறைவும், உக்ரைன் போரால் ஐரோப்பாவுக்கு ஏற்பட்ட தேவையும் சேர்ந்துகொண்டன. வாயு எடுப்பவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் பின்னர் உற்பத்தி பெருகியது, குளிரும் குறைந்தது. 2024 மார்ச்சில் விலை ஒன்றரை டாலருக்கு இறங்கியது! ஈக்யூடி என்ற பெரிய நிறுவனம் நாளொன்றுக்கு 100 கோடி கன அடி உற்பத்தியைக் குறைத்தது. விலையில்லாத பாலை வெட்டுவானேன் என்ற கணக்குத்தான்.

எங்கோ நடப்பது நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் கிடைக்கிறது. 2025 ஜூலை முதல் எரிபொருள் விலையின் ஏற்ற இறக்கம் மாதந்தோறும் மின்கட்டணத்தில் கூட்டப்படும் அல்லது கழிக்கப்படும் என்று முறை வந்தது. மாதம் 600 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளுக்கு அப்போது விலக்கும் தரப்பட்டது.

ஆகவே, கரண்டு பில் வந்ததும் எத்தனை வெள்ளி என்று மட்டும் பார்க்காதீர்கள்; எத்தனை யூனிட்டு என்றும் பாருங்கள். உலக விலை நம் கையில் இல்லை. சுவரிலுள்ள சுவிட்சு நம் கையில்தான் இருக்கிறது.