மந்திரக் கதையும் பாதிரிகளின் பயமும்

பிள்ளைகள் கையில் எந்தப் புஸ்தகத்தைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமலிருப்பது என்று தாய் தகப்பன்மார் யோசிப்பதை நாம் ஒருபோதும் குற்றம் சொல்ல மாட்டோம். சொல்லப்போனால், அப்படி யோசிக்காத பெற்றோர்களே உலகத்தில் அதிகம் என்பதுதான் நமது குறை. ஆனால் அந்த யோசனை யாருடைய புத்தியைக் கொண்டு நடக்கிறது, எந்த அளவுகோலைக் கொண்டு நடக்கிறது என்பதையே இங்கு கவனிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலுள்ள கிறிஸ்தவப் பெற்றோர்களில் ஒரு சாராரும், அவர்களுக்கு வழிகாட்டும் பாதிரிமார்களில் சிலரும் ஒரு சிறுவர் கதையின்மேல் தொடுத்த யுத்தம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

அந்தக் கதைக்கு ஹாரி பாட்டர் என்று பெயர். ரௌலிங் என்ற அம்மையார் எழுதிய அதன் முதல் பாகம் 1997-ல் இங்கிலாந்திலும், 1998-ல் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. ஏழாவதும் கடைசியுமான பாகம் 2007-ல் வந்தது. தாய் தகப்பனை இழந்து, பெரியம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் படுத்துறங்கிய ஒரு பையன், மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்கூடத்திற்குப் போய், தன் பெற்றோரைக் கொன்றவனை எதிர்த்து நிற்கிறான் என்பதே கதையின் சுருக்கம். உலகமெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் அதைப் படித்தார்கள். உடனே கிளம்பிற்று எதிர்ப்பு. 1999 முதல் 2002 வரை நான்கு வருஷங்களிலும், புஸ்தக சாலைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மிக அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட புஸ்தகம் இதுவே என்று அமெரிக்க லைப்ரரி சங்கத்தார் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆட்சேபம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2001-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் நியூ மெக்ஸிகோ மாகாணத்து அலமகோர்டோ என்னும் ஊரில் ஒரு சபையின் பாதிரியார் இப்புஸ்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார். அப்போது வெளியாகியிருந்தவை நான்கு பாகங்கள். அந்த நான்கில் ஒன்றையேனும் தாம் படித்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். படிக்காமலே ஒரு புஸ்தகத்தின் யோக்கியதையை அறிந்துகொள்ளும் சக்தி இவருக்கு எங்கிருந்து வந்தது? அதுவல்லவா மந்திர சக்தி!

2019-ல் போலந்து தேசத்தில் கத்தோலிக்கக் குருமார்கள் சிலர் இதே காரியத்தைச் செய்துவிட்டு, உலகம் சிரித்த பிறகு அவர்களில் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதே வருஷத்தில் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் புஸ்தக சாலையிலிருந்து இவை அகற்றப்பட்டன. அதற்குக் குருவானவர் சொன்ன காரணம் என்னவென்றால், கதையில் வரும் மந்திரங்களெல்லாம் நிஜமான மந்திரங்களாம். ஒரு மனிதன் அவற்றை வாசித்தால் துஷ்ட ஆவிகள் வந்துவிடக் கூடுமாம். இதைப் பற்றி அமெரிக்காவிலும் ரோமாபுரியிலும் உள்ள பேயோட்டும் குருமார்களைக் கலந்து ஆலோசித்துக்கொண்டாராம்.

இப்போது நாம் கேட்கிறோம். மந்திரத்தை நம்புகிறவர் யார்? கதை எழுதிய அம்மையார் தமக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லையென்று சொல்லியிருக்கிறார். படித்த பிள்ளைகளும் புஸ்தகத்தை மூடிவிட்டுப் பெருக்குமாற்றின்மேல் ஏறிக் கூரையிலிருந்து குதிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய்யென்று தெரிகிற ஒன்று, வேதசாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்ற குருவுக்கு மெய்யாகத் தோன்றுகிறதென்றால், யாரை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும்?

மந்திரமும் சூனியமும் பைபிளில் விலக்கப்பட்டவை என்பது இவர்களுடைய முக்கிய ஆதாரம். உபாகமம் 18-ம் அதிகாரத்தில் அப்படி இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் அதே பைபிளில் ஆரோன் கீழே போட்ட கோல் பாம்பாகிறது. பார்வோனுடைய மந்திரவாதிகளின் கோல்களும் பாம்பாகின்றன. எந்தோர் என்னும் ஊரிலே ஒரு ஸ்திரீ செத்துப்போன சாமுவேலை எழுப்பிக் கொண்டுவருகிறாள். எலிசா என்னும் தீர்க்கதரிசியை மொட்டைத்தலையன் என்று கேலி செய்த சிறுவர்களில் 42 பேரை, அவர் சபித்த மாத்திரத்தில், இரண்டு கரடிகள் வந்து பீறிப்போடுகின்றன. எது குழந்தைகளுக்குத் தகும், எது தகாது என்று பரீட்சை வைப்பவர்கள் இந்த அதிகாரங்களையும் அதே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்களா?

அன்றியும், 1950-ல் வெளியான லூயிஸ் என்பவரின் நார்னியாக் கதையில் சூனியக்காரியும் இருக்கிறாள், மந்திரமும் இருக்கிறது, பேசும் சிங்கமும் இருக்கிறது. அதை அநேக கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆவலோடு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கின்றன. ஏனெனில் செத்துப் பிழைக்கும் அந்தச் சிங்கம் கிறிஸ்துவுக்கு அடையாளமாம். ஆகவே ஆட்சேபம் மந்திரத்தின்மேல் அல்ல. நம்முடைய மந்திரமா, அடுத்தவன் மந்திரமா என்பதன்மேல்தான் என்பது விளங்கவில்லையா? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹாரி பாட்டர் கடைசிப் பாகத்தில் கல்லறைகளின்மேல் பொறிக்கப்பட்டிருப்பவை பைபிள் வசனங்களேயாகும்.

நிற்க. “மந்திரத்தைக் கண்டிக்கும் நீங்கள் மந்திரக் கதைக்குப் பரிந்து பேசலாமா?” என்று நம்மைக் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கதையைக் கதையென்று சொல்லுவதில் நமக்குச் சண்டை இல்லை. நரியும் காக்கையும் பேசுகிற கதையினால் எந்தக் குழந்தையின் அறிவும் கெட்டுப்போனதில்லை. அந்தக் காக்கைக்குக் கோயில் கட்டு, அந்த நரியின் பேரால் காணிக்கை கொடு, நம்பாவிட்டால் நரகத்தில் வேகுவாய் என்று சொல்லும்போதுதான் கேடு பிறக்கிறது. ஹாரி பாட்டரை நம்பாதவனுக்கு நரகம் என்று யாரும் சொல்லவில்லை.

நம்புவதனால் வருகிற கேடு சாமானியமானதல்ல. 1692-ல் அமெரிக்காவில் சேலம் என்னும் ஊரில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டவர்கள் கதைப் புஸ்தகம் படித்துக் கெட்டவர்கள் அல்ல. வேதப் புஸ்தகத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள். அது பழைய கதையென்று தள்ளவும் முடியாது. நைஜீரியாவில் சில சபைப் போதகர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சூனியக்காரர்கள் என்று முத்திரை குத்த, பெற்ற தாய் தகப்பனே அவர்களை அடித்துத் தெருவில் துரத்திய கொடுமை பெருகியதனால், அக்வா இபோம் என்ற மாகாணத்தில் 2008-ல் அதைத் தடுக்கச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கு ஆபத்து கதையிலிருந்து வருகிறதா, நம்பிக்கையிலிருந்து வருகிறதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் கிறிஸ்டியானிட்டி டுடே பத்திரிகை 2000-ம் வருஷத்திலேயே இக்கதைக்கு ஆதரவாக எழுதிற்று. பிள்ளையோடு கூட உட்கார்ந்து தாங்களும் படித்து, இது எப்படி, அது எப்படி என்று பேசுகிற கிறிஸ்தவப் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தன் பிள்ளைக்கு வேண்டாமென்று ஒருவர் நினைத்தால் அதுவும் அவர் இஷ்டம். ஊரார் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டாமென்று சொல்ல அவருக்கு என்ன அதிகாரம்?

அர்க்கான்ஸா மாகாணத்து ஸீடர்வில்லில் இந்த வழக்கே நடந்தது. 2002-ல் அவ்வூர்ப் பள்ளிக்கூட நிர்வாக சபையார், தகப்பனோ தாயோ கையெழுத்திட்டால்தான் இப்புஸ்தகத்தைக் கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். சூனியம் என்பதோடு, இது பெரியவர்களுக்குக் கீழ்ப்படியாமையைக் கற்பிக்கும் என்றும் காரணம் சொன்னார்கள். பூனை வெளியே வந்துவிட்டது பாருங்கள்! ஒரு பள்ளிச் சிறுமியின் பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கையெழுத்து வாங்க அவர்களுக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் அதுவல்ல, கெட்ட புஸ்தகம் படிக்கிறவள் என்ற பெயரைத் தங்கள் பெண் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. 2003-ல் நீதிபதி புஸ்தகங்களை மற்றப் புஸ்தகங்களைப் போலவே அலமாரியில் திரும்ப வைக்கும்படி உத்தரவிட்டார். சுயமரியாதை என்பது இதுதான்.

இதைப் படித்துவிட்டு நமது தோழர்கள் அமெரிக்கப் பாதிரியைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்றுவிடக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைக்குப் புராணத்தைக் கதையென்று சொல்லிக் கொடுக்கிறோமா, நடந்ததென்று சொல்லிக் கொடுக்கிறோமா? பிள்ளை “இது எப்படி முடியும்?” என்று கேட்டால் பதில் சொல்லுகிறோமா, தலையில் குட்டுகிறோமா? புஸ்தகத்துக்கு வைக்க வேண்டிய பரீட்சை ஒன்றே: படித்த பிள்ளை கேள்வி கேட்கிறதா, கை கட்டி நிற்கிறதா? கேள்வி கேட்க வைக்கிற புஸ்தகம் எந்த மதத்தான் எழுதியதானாலும் வாங்கிக் கொடுங்கள். கேள்வியை அடைக்கிற புஸ்தகம் கடவுளே எழுதியதென்று சொன்னாலும், அதைக் கொளுத்த வேண்டியதில்லை. பிள்ளை வளர்ந்து தானே படித்துத் தானே தீர்ப்புச் சொல்லும்படி விட்டுவிடுங்கள்.