எடை கூடினால் யாருக்கு லாபம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இறைச்சிக் கடை முன் கூடும் தமிழர்கள் கவனிப்பது தராசை மட்டும்தான். எடை சரியாக இருந்தால் வியாபாரம் நியாயம் என்று நினைத்துக் கொள்கிறார்கள். ஆனால் அந்த எடையே எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய காலம் இது. தீவனத்தில் மருந்து கலந்து எடை கூட்டும் வித்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் 2013-ல் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னால் போதும்.

அந்த நாட்டில் இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கிறார்கள். கடைசி சில மாதங்கள் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போன்ற தானியம் போட்டுக் கொழுக்க வைப்பது வழக்கம். இந்தத் தீனியில் 'சில்பாட்டெரால்' என்ற மருந்தைச் சேர்க்க 2006-ல் அரசு அனுமதி கொடுத்தது. சில்மேக்ஸ் என்பது அதன் வியாபாரப் பெயர். ஆஸ்துமாக்காரர்கள் மூச்சுத் திணறலுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் இருக்கிறதே, அதற்கு இது பங்காளி. அறுப்புக்கு முந்திய 20 முதல் 40 நாட்கள் கொடுத்து, கடைசி 3 நாட்கள் நிறுத்திவிட வேண்டும். தின்றது கொழுப்பாகச் சேராமல் தசையாகத் திரளும். தலை, தோல், குடல் நீக்கிய பிறகு மாடு ஒன்றுக்குச் சுமார் 15 கிலோ கூடுதல். ஆயிரம் மாடு அடைத்த பட்டிக்காரருக்கு 15,000 கிலோ!

சரி, தின்பவனுக்கு என்ன கிடைத்தது? நல்ல மாட்டிறைச்சியில் தசைக்குள்ளே மெல்லிய வெள்ளை இழைகளாகக் கொழுப்பு ஓடும். வேகும்போது அது உருகுவதால்தான் ருசியும் பதமும். மருந்து தின்ற மாட்டில் அந்த இழைகள் குறைந்துவிடுகின்றன. வெந்த துண்டை ஒரு தகட்டால் அறுத்து, அறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் கருவி ஒன்று உண்டு. இத்தகைய இறைச்சிக்கு அது அதிக விசை காட்டியது. பல்லுக்குத் தெரிவதைத்தான் கருவியும் சொன்னது. குளிரறையில் பல நாள் தொங்கவிட்டால் வித்தியாசம் குறையும் என்பது வாஸ்தவம். அந்தச் செலவு யார் தலையில்?

இறைச்சி கடினமானதற்காக யாரும் மருந்தை நிறுத்தவில்லை. 2013 ஆகஸ்டில் டைசன் என்ற பெரிய இறைச்சிக் கம்பெனி பண்ணைக்காரர்களுக்குக் கடிதம் எழுதியது. அறுப்புக் கூடத்துக்கு வரும் மாடுகளில் சில, நடக்கவோ அசையவோ முடியாமல் வந்து சேர்கின்றன. இந்த மருந்து காரணமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். எனவே செப்டம்பர் 6 முதல் இது தின்ற மாட்டை வாங்குவதில்லை என்பது கடிதத்தின் சாரம். உண்பவருக்கு ஆபத்து என்று கம்பெனி சொல்லவில்லை. அதே மாதத்தில் மெர்க் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பனையை நிறுத்தி வைத்தது. வேடிக்கையைப் பாருங்கள்: சட்டம் தடுக்காததை மாடு வாங்குகிறவர் தடுத்தார்!

தானியம் மிச்சமாகிறதே, இறைச்சி மலிவாகிறதே என்று வாதம் செய்வோர் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் என்பது இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களை மாற்றி, தீனி வீணாவதைக் குறைக்கிறது. மனிதருக்குக் கொடுக்கும் மருந்தும் அல்ல. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோலால் அடிக்க வேண்டியதில்லை. மனிதனின் உயிர் காக்கும் மருந்தையே தீவனமாக்குவதுதான் பொறுக்க முடியாதது.

இங்கேதான் நம் நாட்டுக் கதை வருகிறது. மகாராஷ்டிரத்தில் பசுவோடு காளை, எருதுகளையும் அறுக்க 2015 முதல் தடை இருப்பதால், மாட்டிறைச்சி என்று விற்பது எருமைதான். அமெரிக்கப் பட்டிகளைப் போலத் தானியம் கொட்டி அதைக் கொழுக்க வைப்பவர் அபூர்வம். ஆனால் கோழி? கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக், வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுப்பது. அதை நம் நாட்டில் கோழி சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். இந்த மருந்துக்கு அடங்காத குணம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடும் என்று 2015-ல் சீனாவிலிருந்து ஆராய்ச்சி முடிவு வந்தது. மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கு கொலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில். நாலு வருஷம்!

ஐரோப்பிய நாடுகள் 2006 ஜனவரி 1 முதலே, வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கையும் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று விதித்துவிட்டன. மருந்தின் பெயரைப் பார்க்காமல் நோக்கத்தைப் பார்த்த சட்டம் அது. நோயுற்ற பிராணிக்கு வைத்தியர் எழுதிக் கொடுப்பது வேறு, மூட்டைத் தீவனத்தில் கலப்பது வேறு.

தேவ்னார் அறுப்புக் கூடத்தில் வைத்தியர் பிராணியைச் சோதிக்கிறார். தீவனத்தில் கலந்தது கண் சோதனையில் அகப்படாது. அதற்கு இறைச்சி மாதிரியை எடுத்து ரசாயனச் சோதனை செய்ய வேண்டும். தெருமுனைக் கோழிக் கடைகளில் மாநகராட்சி அடிக்கடி மாதிரி எடுத்து, முடிவைக் கடை வாசலிலேயே எழுதி வைக்கட்டும். விலைப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகைக்கு இடம் இல்லாமலா போய்விடும்?