வாங்காத கடனுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூரில் சிறுதொழிலுக்கு ஏன் கடன் கிடைப்பதில்லை என்று பேச ஆரம்பித்தால் நூல் விலை, ஆர்டர், அமெரிக்க வரி என்று பேச்சு போய்விடும். எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களை வங்கி வாசலோடு திருப்பி அனுப்புகிற இன்னொரு காரணம் இருக்கிறது. நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்க மறுக்கும் பொய்க்கடன்தான் அது.

பல்லடம் சாலையில், அருள்புரத்தில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்களுக்கு வரவேண்டிய பில் தொகைகள் இழுபறியாகின. அதற்காக டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியுமா? வங்கியில் கடன் கேட்டுப் போனேன். ஜி.எஸ்.டி., உத்யம் பதிவு எல்லாம் பார்த்த மேலாளர், "எல்லாம் சரிங்க, பழைய போன் லோன் ஒண்ணு ரைட் ஆஃப்னு காட்டுதே" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

அந்தப் போனை நான் வாங்கவே இல்லை. சம்பள நாள் சாயங்காலம் இங்குள்ள செல்போன் கடைகளுக்கு வந்து பாருங்கள். டேப்லெட்டும் கையுமாக ஃபைனான்ஸ் பையன்கள் நின்றிருப்பார்கள். "ஆதார், பான் மட்டும் குடுங்கண்ணா, வட்டியே இல்ல, ஓ.டி.பி. வந்தா சொல்லுங்க" என்பார்கள். அப்படிப் பதிவு செய்த பிறகு, நான் கேட்ட மாடல் ஸ்டாக் இல்லை என்றார்கள். "கேன்சல் பண்ணியாச்சுண்ணா" என்று சொன்னதால் வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் கடன் கேன்சல் ஆகவில்லை. பணம் கடைக்குப் போய்விட்டது, தவணை என் பெயரில் ஓடியது. நான் அப்போது குடியிருந்தது லைன் வீடு. அங்கிருந்து மாறி வந்த பிறகு அந்த முகவரிக்கு என்ன நோட்டீஸ் போயிருந்தாலும் யார் வாங்கி வைத்திருப்பார்கள்?

பிறகு கலெக்ஷன் ஏஜென்சியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மிரட்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் அழைப்பு கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. மிரட்டலைவிட ஆபத்தானது அவர்கள் கரிசனமாகப் பேசுவதுதான். "பாதி கட்டீருங்கண்ணா, செட்டில்மென்ட் லெட்டர் குடுத்தர்றோம், சிபில் கிளீன் ஆயிரும்." ஆகாது. பாதி கட்டினால் அறிக்கையில் ஏறுவது 'செட்டில்ட்' என்ற குறிப்பு. கடனை முழுசாக அடைக்கவில்லை, பேரம் பேசி முடித்தார் என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும். போதாததற்கு, வாங்காத கடனை வாங்கியதாக நாமே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும். எங்கள் பகுதியில் தொல்லை ஒழிந்தால் போதும் என்று கட்டியவர்கள் பலர். நான் கட்டவில்லை.

சிபிலில் புகார் பதிந்தால், "கடன் கொடுத்த நிறுவனம் சொன்னால்தான் மாற்றுவோம்" என்கிறார்கள். நிறுவனத்தைக் கேட்டால், "அந்தக் கணக்கை ஏஜென்சிக்கு மாற்றிவிட்டோம்" என்கிறது. ஏஜென்சியோ, "பணம் கட்டினால் என்.ஓ.சி." என்கிறது. கையெழுத்துப் போட்ட படிவத்தையோ, போனை நான் வாங்கிக்கொண்டதற்கான பில்லையோ இதுவரை எவரும் காட்டவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது; 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கும் வந்தது. அந்த 30 நாளில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள். ஓட்டை எங்கே என்றால், 21 நாளுக்குள் அந்த நிறுவனம் "எங்கள் தகவல் சரியே" என்று ஒரு வரி எழுதிவிட்டால் புகார் முடிந்த கணக்கு. யார் மீது புகாரோ அவரே தீர்ப்பும் எழுதுகிறார். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளதுதான். "பதிவுகளின்படி சரி" என்பதெல்லாம் ஒரு காரணமா?

அந்த நூறு ரூபாய்க்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கி கைவிரித்தால் இங்கே மூன்று வட்டிக்குத்தான் பணம் கிடைக்கும். ஐந்து லட்சத்துக்கு மாதம் 15,000 ரூபாய். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றாலும் 5,000தான் ஆகும். ஒரு பொய்ப்பதிவால் மாதம் 10,000 ரூபாய் நட்டம். இழப்பீடு கிடைத்தாலே மாதம் 3,000தான், அதிலும் முதல் 30 நாளுக்கு ஒன்றும் கிடையாது.

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனின் பான் எண்ணை வைத்து யாரோ ஒரு செயலியில் 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள். அவர் ட்விட்டரில் எழுதினார், விரைவிலேயே சரிசெய்து கொடுத்தார்கள். அருள்புரத்து ஓவர்லாக் டெய்லர் ட்விட்டரில் எழுதினால் யார் படிப்பார்கள்?

இது கடனோடு நிற்கிற விஷயமும் அல்ல. சிபில் அறிக்கையில் கடன் பாக்கி விவரம் இருந்ததற்காக ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு காகிதம் வேலையையே பறிக்கும் என்றால் அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த அறிக்கையை வைத்திருப்பதோ அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் கையில் உள்ள தனியார் கம்பெனி. சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் 2024 டிசம்பரில் மக்களவையில் சிபில் பிரச்சினையைக் கிளப்பினார். அதன் பிறகும் எங்கள் நிலைமை மாறவில்லை.

கிரெடிட் கார்டு விஷயத்தில், தகராறு தீர்ந்த பிறகே பாக்கி விவரத்தை வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 விதிகளில் சொல்லியிருக்கிறது. கார்டுக்கு ஒரு நியாயம், போன் கடனுக்கும் குழுக்கடனுக்கும் வேறு நியாயமா? எல்லாக் கடனுக்கும் அந்த விதி வர வேண்டும். கையெழுத்து, பணம் போன வழி, பொருள் பெற்ற பில் ஆகியவற்றைக் கடன் கொடுத்தவர் காட்ட வேண்டும்; காட்ட முடியாவிட்டால் பதிவை நீக்க வேண்டும். கணக்கை வேறு யாருக்கோ விற்றுவிட்டோம் என்று கைகழுவ விடக் கூடாது.

வாசகர்களுக்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடனுக்கு அலையும்போது பார்க்கலாம் என்று இருக்காமல் இப்போதே எடுத்துப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் வரம்புக்குள் வந்துவிட்டன. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். என் புகாரும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட முன்னோடி வங்கி சார்பில் இதற்கென ஒரு மேஜை போடச் செய்யுங்கள். அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லவும், புகாரை எழுதித் தரவும் ஒருவர் உட்கார்ந்தால் போதும். பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் பவர் டேபிள் உரிமையாளர்கள் சங்கமும் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்கு உட்காருவது போல இதற்கும் ஒரு முறை வங்கியாளர்களோடு உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
பவர் டேபிள் உரிமையாளர் ஒருவர்,
அருள்புரம்.