உடைந்ததெல்லாம் குப்பையோ?

பழுதுபட்ட பொருளொன்றைக் கையிலேந்திக் கடைவாசலில் நிற்பவன் இக்காலத்தில் பெரும்பாலும் கேட்கும் மறுமொழி ஒன்றே: "இதைத் திருத்த முடியாது, புதிது வாங்குங்கள்." பொருளைப் புரட்டிப் பாராமலே, பழுது எத்தகையதென்று வினவாமலே இத்தீர்ப்பு வழங்கப்படுகிறது. இது பொருளின் குற்றமா, தீர்ப்புக் கூறுவோரின் வசதியா என்பதே இன்று நான் வாசகர்முன் வைக்க விரும்பும் வினா.

என் தமக்கையின் மகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது காபன் இழையாலான துவிச்சக்கரவண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். திரும்பிச் செல்கையில் அதனை என் மகனுக்கு விட்டுச்சென்றான். ஒரு கிலோ அளவே நிறையுள்ள சட்டம். ஒரு விரலால் தூக்கிவிடலாம். மன்னாரிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் வீதியில் எதிர்க்காற்றையும் பொருட்படுத்தாது மகன் அதில் சென்றுவருவான். ஒருநாள் அதனை லொறியில் ஏற்றிச் செல்லுகையில் இரும்புப் பெட்டியொன்று சரிந்து விழுந்து, மேற்குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு உண்டாயிற்று. கொழும்பில் ஒரு கடையிற் காட்டினோம். "காபன் உடைந்தால் உடைந்ததுதான், எறிந்துவிடுங்கள்" என்றனர்.

அவர்களுடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். காபன் இழை என்பது மயிரினும் பன்மடங்கு நுண்ணிய இழை. அத்தகைய இழைகள் ஆயிரமாயிரம் சேர்ந்து துணியாகி, எப்பொக்சி என்னும் பிசினில் தோய்ந்து இறுகியதே அந்தச் சட்டம். 1879இல் எடிசன் தமது மின்விளக்குக்கெனக் கரியாக்கிய நூலே இதன் மூதாதை எனலாம். 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் உயர்வலிமையுள்ள காபன் இழையை ஆய்வுகூடத்தில் உண்டாக்கினார். 1960களில் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் அதனைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினர். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் காபன் வண்டியில் தங்கப்பதக்கம் வென்றபின் அதன் புகழ் உலகெங்கும் பரவிற்று. எனினும் இதற்கொரு குணம் உண்டு. உருக்கு முறிவதற்குமுன் வளைந்து எச்சரிக்கும். காபனோ எச்சரியாது முறியும். உள்ளே படைகள் பிரிந்திருந்தும் வெளியே வர்ணம் பளபளக்கும். ஆகவே கவனம் வேண்டுமென்பது நியாயம். ஆனால் கவனம் வேண்டுமென்பதும் கைவிடுக என்பதும் ஒன்றல்லவே!

வானத்தை நோக்குவோம். போயிங் 787 விமானத்தின் நிறையிற் பாதி இத்தகைய இழைப்பொருளே. 2013 யூலையில் இலண்டன் ஹீத்ரோ நிலையத்தில் நின்றிருந்த எதியோப்பிய விமானமொன்று தீப்பற்றி, அதன் பின்புற மேலுடல் கருகிப் பழுதுற்றது. அதனை எவரும் எறிந்துவிடவில்லை. திருத்தினார்கள், அவ்வாண்டு டிசம்பரிலேயே அது மீண்டும் பயணிகளை ஏற்றிப் பறந்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 முதல் சுழலும் முப்பது காற்றாலைகளின் நெடிய இறகுகளும் இழையும் பிசினும் சேர்ந்தவையே. உலகெங்கும் இத்தகைய இறகுகளில் வெடிப்புக் கண்டால் தொழிலாளர் கயிற்றில் தொங்கியவாறே அவற்றைத் திருத்துகின்றனர். கோடிக்கணக்கில் விலையுள்ள பொருளைத் திருத்தலாமாம். ஏழை ஆசிரியன் வீட்டு வண்டியை மட்டும் எறிந்துவிட வேண்டுமாம். இதிலே பொருளியல் இருக்கிறதேயன்றிப் பொறியியல் இல்லை.

இவ்வெண்ணத்துடன் சட்டத்தை எடுத்துக்கொண்டு பேசாலைக் கடற்கரைக்குச் சென்றேன். ஏன் அங்கே என்று வாசகர் வினவலாம். ஒருகாலத்தில் நம் கரையில் மரவள்ளங்களே இருந்தன. அவற்றின் பொருத்துக்களை அடைத்துத் திருத்துவோர் ஓடாவியார் எனப்பட்டனர். பின்னர்க் கண்ணாடியிழைப் படகு வந்தது. நோர்வே நாட்டவர் துணையுடன் காரைநகரிற் தோன்றிய சீநோர் நிறுவனம் இத்தகைய படகுகளைக் கட்டியதை வடபுலத்தின் மூத்தோர் அறிவர். இன்று கரையேறிக் கிடப்பவற்றுட் பெரும்பாலானவை 'பைபர்' படகுகளே. அவை பாறையில் மோதி வெடிக்கும், மறுவாரமே கடலிறங்கும். இழையும் பிசினும் கொண்டு செய்யப்பட்டதை இழையும் பிசினும் கொண்டே திருத்தும் கலை நம் கரையில் நாள்தோறும் நடைபெறுகின்றது.

அங்குள்ள ஓடாவியார் ஒருவர் சட்டத்தை வாங்கி, மடியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்றது; வெடிப்பின் இருபுறமும் மங்கிற்று.

"மாஸ்டர், சத்தம் செத்துப்போற இடம்தான் காயம். மற்ற இடமெல்லாம் நல்லாய்க் கிடக்குது" என்றார்.

"அப்படியென்றால் திருத்தித் தருவீர்களா, அண்ணை?"

"வேலை தெரியும். ஆனால் என்ர பிசின் இதுக்குப் பிடிக்காது. பிடிச்சமாதிரிக் காட்டும், ஒருநாள் உரிஞ்சு வரும். அந்த நேரம் பிள்ளை வண்டியில இருப்பான்."

கற்றவர் பலரிடம் காணாத நேர்மையை அச்சொற்களிற் கண்டேன். அவர் கூறியது அறிவியலுக்கும் ஒத்ததே. படகுக்குப் பயன்படும் பொலியெஸ்தர் பிசின், இறுகிய எப்பொக்சியின்மீது உறுதியாகப் பற்றுவதில்லை. அன்றியும், படகுப் பிசினுக்கு ஊக்கியைக் கைக்கணக்கில் விட்டாலும் வேலை நடக்கும். எப்பொக்சிக்கோ பிசினும் கடினமாக்கியும் குறித்த அளவில் நிறுத்தே கலத்தல் வேண்டும்.

மருமகனுக்கு எழுதினேன். அவன் காபன் துணியும் எப்பொக்சியும் அனுப்பினான். ஓடாவியார் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு (காபன் தூள் நெஞ்சுக்குத் தீங்கு), வெடிப்பைச் சுற்றிய வர்ணத்தை நீக்கி, சிதைந்த இழைகளை அரத்தாளால் படிப்படியாகச் சரித்துத் தேய்த்தார். ஒவ்வொரு படையையும் முன்னிருந்த இழை ஓடிய திசையிலேயே, முந்தியதினும் சற்றே அகலமாக இட்டார். மேலே நாடாவை இறுகச் சுற்றி, ஊசியால் துளையிட்டு, மிகுதிப் பிசினை வெளியேற்றினார். ஒரு வாரம் விட்டுவைத்து மீண்டும் நாணயத்தால் தட்டினோம், ஓசை ஒத்திருந்தது. ஓராண்டாக வண்டி ஓடுகின்றது. திருத்திய இடத்துக்கு நான் வர்ணம் பூசவில்லை. தழும்பை மறைப்பது பின்னாளில் அதனை வாங்குவோனை ஏமாற்றுவதாகும். முதலாம் தேதிதோறும் நானே தட்டிப் பார்க்கிறேன்.

இதனால் எதனையும் எவரும் திருத்தலாமென்று நான் கூறவில்லை. "முன்கவர் வெடிச்சிருந்தால் தொட்டிருக்கமாட்டன்" என்று அந்த ஓடாவியாரே சொன்னார். முன்கவர் முறிந்தால் ஓட்டுநன் முகங்குப்புற வீழ்வான். திருத்தத்தகாதது எதுவென அறிவதும் திருத்துவோன் கல்வியின் பாதியாகும். நான் மறுப்பது ஆராயாது கூறும் தீர்ப்பை மட்டுமே.

திருத்துதல் நமக்குப் புதிதன்று. 1990இன் பின் எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் வடபுலத்தைத் தாங்கியது துவிச்சக்கரவண்டியே. நோயாளியும் நெல்மூட்டையும் விறகும் அதில் ஏறின. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். உடைந்த சட்டத்துக்கு ஒட்டுவைக்கத் தெரிந்தவன் அன்று ஊருக்கு வைத்தியனை ஒத்தவன். 2022இல் எரிபொருள் அற்றுப்போனபோது நாடு முழுவதும் வண்டியைத் தேடிற்று. விலையோ எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அத்தகைய நாளில் "புதிது வாங்குங்கள்" என்னும் அறிவுரைக்கு என்ன பொருள்?

இன்னுமொன்று. பழைய உருக்கு உலைக்குத் திரும்பும்; பழைய மரம் அடுப்புக்குச் செல்லும்; எறியப்பட்ட இழைப்பொருளோ துருவும் பிடியாது, மக்கியும் போகாது. கைவிடப்பட்ட படகோடுகள் நம் கரை மணலிற் புதைந்து கிடப்பதை யாவரும் காணலாம். சட்டங்களும் இறகுகளும் நாளை அவற்றோடு சேரும். திருத்தப்படும் ஒவ்வொன்றும் அக்குவியலிற் சேராத ஒன்று.

ஆகவே என் வேண்டுகோள் இது: வடபுலத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இழைப்பொருள் திருத்தம் தனிப்பாடமாதல் வேண்டும். பிசின் வகைகள், இழையின் திசை, தட்டிச் சோதித்தல், தூளிலிருந்து காத்துக்கொள்ளல், உப்பீரத்தில் காபனும் அலுமினியமும் தொட்டிருந்தால் அலுமினியம் அரிபடும் என்னும் உண்மை ஆகிய யாவும் அதில் அடங்கும். அதைக் கற்பிக்க ஆசிரியர்களை நெடுந்தொலைவில் தேட வேண்டியதில்லை. அவர்களிற் பாதிப்பேர் ஏற்கெனவே கடற்கரையில் இருக்கின்றனர். அவர்களின் கையறிவுக்கு நூலறிவு துணையாகட்டும். விற்போரும் பழுதை ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறக் கடமைப்பட்டவராதல் வேண்டும். சிலவகைப் பொருள்களையேனும் செய்தவரே திருத்திக் கொடுத்தல் வேண்டுமென 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. நாம் ஏன் செய்தலாகாது?

நாளை மாலை தலைமன்னார் வீதியில் கருந்தழும்புள்ள வண்டியொன்று காற்றை எதிர்த்துச் செல்லக் கண்டால் அது என் மகனுடையது என்று அறிக. அது கடைக்காரரால் இறந்ததென அறிவிக்கப்பட்டு, கடற்கரைத் தொழிலாளி ஒருவரால் உயிர்பெற்ற வண்டி.